டெட்ரிஸின் 29ஆம் லெவல்: பிறவித் திறமையா, பயிற்சியா?

2023 டிசம்பர் 21ஆம் தேதி. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தைச் சேர்ந்த வில்லிஸ் கிப்சன் என்ற 13 வயதுப் பையன் பழைய நிண்டெண்டோ டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருந்தான். இணையத்தில் அவன் பெயர் ப்ளூ ஸ்குட்டி. ஆட்டம் தொடங்கி ஏறத்தாழ 38 நிமிடம் ஆகியிருந்தது. 157ஆம் லெவலில் ஒரு வரி நிரம்பி மறைந்தது. அடுத்த கட்டை வரவில்லை. திரை உறைந்துவிட்டது. அதற்குள் அவன் 1,511 வரிகளை அழித்திருந்தான். நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்க, விரல்களில் உணர்வே இல்லை என்று சொன்னான்.

அந்த ஆட்டம் 1989இல் வெளிவந்தது. 34 ஆண்டுகளில் அதை இனி ஓட முடியாத இடம்வரை ஓட்டிக்கொண்டு போன முதல் மனிதன் அவன்தான்.

அந்த வீடியோவை எனக்குக் காட்டியது என் அக்கா மகன். அவனுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. பார்த்து முடித்துவிட்டு, "மாமா, இவனெல்லாம் பொறக்கும்போதே அப்படி. நமக்கெல்லாம் வராது" என்றான். அந்தப் பேச்சு எனக்கு உறுத்தியது. விளையும் பயிர் முளையிலேயே தெரியும் என்று நாம் சொல்கிறோம், சித்திரமும் கைப்பழக்கம் என்றும் சொல்கிறோம். ஜெயித்தவனைப் பார்த்து வியக்கும்போது முதலாவது, தோற்ற பிள்ளையைத் தேற்றும்போது இரண்டாவது. வில்லிஸுக்கு எதைச் சொல்வது? பதில் தேடித்தான் இந்த ஆட்டத்தின் வரலாற்றை உட்கார்ந்து படித்தேன்.

திறமை, பயிற்சி பற்றி யோசிக்க டெட்ரிஸைவிட நல்ல களம் கிடைப்பது கஷ்டம். கிரிக்கெட்டில் ஆடுகளம் மாறும், மட்டை மாறும், எதிராளி மாறுவான். 1989இன் நிண்டெண்டோ டெட்ரிஸில் எதுவும் மாறாது. ஆட்டம் பதிந்திருக்கும் அதே கேட்ரிட்ஜ் பெட்டி, அதே நிரல், அதே வேகம். ஒரு காலத்தில் யாராலும் முடியாதது பின்னால் பலரால் முடிந்தது என்றால், மாறியது ஆடுபவர்கள் மட்டுமே.

29ஆம் லெவல் ஏன் சுவர் ஆனது

90களில் பிரிக் கேம் கையில் பிடித்து வளர்ந்தவர்களுக்கு டெட்ரிஸை விளக்க வேண்டியதில்லை. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் எழுதிய ஆட்டம். ஏழு வகைக் கட்டைகள் மேலிருந்து விழும், வரி நிரம்பினால் மறையும், நான்கு வரியை ஒரே நீளக் குச்சியால் அழித்தால் மதிப்பெண் அள்ளும். நிண்டெண்டோவின் வடிவத்தில் களம் 10 கட்டம் அகலம், 20 கட்டம் உயரம்.

கஷ்டம் வேகத்தில் இருக்கிறது. திரையில் விநாடிக்கு 60 தனிப் படங்கள் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். போட்டிகளில் வழக்கமாக 18ஆம் லெவலில் தொடங்குவார்கள். அங்கே கட்டை ஒரு கட்டம் இறங்க 3 ஃபிரேம். 130 வரி அழித்தால் 19ஆம் லெவல், அங்கே 2 ஃபிரேம். அதன்பின் 10 வரிக்கு ஒரு லெவல் ஏறும், ஆனால் 28 வரை வேகம் மாறாது. 230ஆம் வரியில் 29ஆம் லெவல் வரும். அங்கே கட்டத்துக்கு ஒரே ஒரு ஃபிரேம். களத்தின் உச்சியிலிருந்து தரைக்கு 20 ஃபிரேம், அதாவது மூன்றில் ஒரு விநாடி. கண் சிமிட்டும் நேரம்.

இனி பக்கவாட்டு நகர்வைப் பாருங்கள். நிமிர்த்திய நீளக் குச்சியை நடுவிலிருந்து இடது ஓரத்துக்குக் கொண்டுபோக ஐந்து கட்டம் நகர்த்த வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் கட்டை தானாக நகரும், ஆனால் 6 ஃபிரேமுக்கு ஒரு கட்டம்தான். விநாடிக்கு 10. கட்டை தரையைத் தொடும் அந்த 20 ஃபிரேமில் மூன்று, நான்கு கட்டம் நகரும். ஓரத்துக்குப் போகாது. கீழே ஏற்கெனவே கட்டைகள் அடுக்கியிருந்தால் அதுவும் கிடையாது. நடுவில் கோபுரம் எழும்பும், ஆட்டம் முடியும்.

அதனால்தான் 29ஆம் லெவலுக்குக் கில் ஸ்கிரீன் என்று பெயர் வந்தது. ஆட்டத்தின் முடிவே அதுதான் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். நம்பியவர்கள் ஏதோ சும்மா ஆடுபவர்கள் இல்லை, உலகிலேயே தலைசிறந்த ஆட்டக்காரர்கள்.

ஜோனஸ் நியூபாவர்

அவர்களில் முதல் பெயர் ஜோனஸ் நியூபாவர். கிளாசிக் டெட்ரிஸ் உலகப் போட்டி 2010இல் தொடங்கியது. முதல் எட்டு ஆண்டுகளில் ஏழு முறை பட்டம் அவருக்கே. இடையில் 2014இல் மட்டும் ஹாரி ஹாங் வென்றார். ஜோனஸின் பழைய ஆட்டங்களை இப்போது பார்த்தாலும் எனக்கு அலுக்காது. நீளக் குச்சி வெகுநேரம் வராமல் போகும்போது மற்றவர்கள் பதறி வரிகளை வீணாக்குவார்கள். அவர் அடுக்கைத் தட்டையாக, எந்தக் கட்டை வந்தாலும் உட்கார இடமிருக்கிற மாதிரி வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த நிதானத்துக்குப் பின்னால் சிறு வயதிலிருந்து ஆடிய காலம் மொத்தமும் இருக்கிறது.

அவரிடம் திறமை இருந்தது, பயிற்சியும் இருந்தது. இரண்டும் மலையளவு. ஆனாலும் 29ஆம் லெவல் அவருக்குச் சுவராகவே நின்றது. பொத்தானை அழுத்திப் பிடிக்கும் முறையில்தான் அவர் ஆடினார், அந்த முறையின் உச்சி விநாடிக்கு 10 நகர்வு. அதே முறையில் இன்னொரு பத்து வருடம் பயின்றிருந்தாலும் 10 என்பது 11 ஆகியிருக்காது. பயிற்சி நேரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு முறைக்குள் எவ்வளவு மணி நேரம் கொட்டினாலும் அந்த முறையின் கூரையைத் தாண்டிப் போக முடியாது.

கட்டைவிரல் நடுக்கம்

கூரையை உடைக்க வழி இருந்தது. அழுத்திப் பிடிக்காமல் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகத் தட்டுவது. விநாடிக்குப் பத்துக்கு மேல் தட்ட முடிந்தால் இயந்திரத்தைவிட விரல் வேகமாகிவிடும். முன்கைத் தசையை இறுக்கி, கட்டைவிரலை நடுங்கவிட்டுத் தட்டும் இந்த முறைக்கு ஹைப்பர்டேப்பிங் என்று பெயர்.

1990இல் நடந்த நிண்டெண்டோ உலகப் போட்டியில் பெயர் எடுத்தவர் தோர் ஆக்கர்லுண்ட். அப்போது அவர் பதின்வயதுச் சிறுவன். இந்தத் தட்டும் முறையால் 30ஆம் லெவலைத் தொட முடியும் என்று பின்னாளில் காட்டியவரும் அவர்தான். அதாவது, சுவரைத் தாண்டும் வித்தை ஒருவரின் விரலில் இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனால் அது பரவவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் டிவி முன்னால் தனியாக ஆடிய காலம் அது. அடுத்த ஊரில் ஒருவன் எப்படிப் பொத்தானைப் பிடிக்கிறான் என்று பார்க்க வழியில்லை. தெரிந்த சிலரும், அது தோருக்கு மட்டும் அமைந்த விரல் என்று எடுத்துக்கொண்டார்கள். பிறவித் திறமை என்று பெயர் வைத்ததும் யாரும் அதைக் கற்க முயலவில்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருந்தவைக்கும் பகுதி இதுதான்.

2018இல் நிலைமை மாறியது. போர்ட்லேண்ட் நகரில் நடந்த உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜோனஸுக்கு எதிரே உட்கார்ந்தவர் ஜோசப் சேலி. வயது 16. அந்த கேட்ரிட்ஜ் வெளிவந்து பல ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். ஹைப்பர்டேப்பிங் ஆட்டக்காரர். மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜோனஸை வென்றார். அந்த வீடியோவை உலகெங்கும் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், அதில் பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர். அடுத்த ஆண்டும் ஜோசப்தான் வென்றார். 2020இல் பட்டம் வென்ற மைக்கேல் ஆர்ட்டியாகாவுக்கு வயது 13. இறுதியில் அவர் வென்றது தன் சொந்த அண்ணனை.

ஜோனஸ் 2021 ஜனவரியில், 39 வயதில், இதயக் கோளாறால் திடீரென இறந்துபோனார். தன்னை வென்ற பிள்ளைகளை மனதார வரவேற்றவர் என்று அந்த வட்டத்தில் இன்றும் அவரை நினைக்கிறார்கள்.

சரி, ஹைப்பர்டேப்பிங் எல்லோருக்கும் வருமா? இங்கேதான் பிறவித் திறமைக்கு உண்மையான இடம் இருக்கிறது. சிலருடைய கட்டைவிரல் அப்படி நடுங்கும், பலருடையது நடுங்காது. பயிற்சியால் கொஞ்சம் கூடும், ஆனால் ஒருவருக்கொருவர் உள்ள இடைவெளி மூடாது. கைக்கும் அது பெரிய பாரம். நானும் அக்கா மகனும், கணினியில் மாட்டும் மலிவான கேம்பேட் ஒன்றில் சோதித்துப் பார்த்தோம். பத்து விநாடியில் எனக்கு 57 தட்டல். அவனுக்கு 71. முன்கை எரியும் அளவுக்கு முக்கியும் அதற்குமேல் இருவருக்கும் போகவில்லை. "பாத்தீங்களா மாமா" என்றான். அன்றைக்கு அவன் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

பின்பக்கத்திலிருந்து வந்த விடை

மீதிப் பாதிக்கு விடை சொன்னது ரோலிங். இந்த வரலாற்றின் திருப்பமே அதுதான் என்பது என் கருத்து.

பொத்தானை வேகமாகத் தட்ட வேண்டிய பழைய ஆர்கேட் ஆட்டங்களில் ஹெக்டர் ராட்ரிகஸ் என்பவர் பல விரல்களைச் சேர்த்துப் பயன்படுத்தினார். அந்த யோசனையை 2020 வாக்கில் டெட்ரிஸுக்குக் கொண்டுவந்தவர் கிறிஸ்டோபர் மார்டினெஸ், ஆட்டக்காரர்களுக்கு அவர் சீஸ்.

ரோலிங் எப்படி என்றால், கன்ட்ரோலரை மடியிலோ தொடையிலோ சாய்த்து வைத்துக்கொள்கிறார்கள். இடது கட்டைவிரல் திசைப் பொத்தானின் மேல் இருக்கும், அழுத்தாது. அழுத்துவதற்கு ஒரு நூலிழை குறைவாக, சும்மா தொட்டுக்கொண்டிருக்கும். வேலை நடப்பது பின்பக்கம். வலது கையின் விரல்கள் சுண்டுவிரலில் தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாகக் கன்ட்ரோலரின் முதுகில் தட்டுகின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் கன்ட்ரோலர் துளி மேலே எழும்புகிறது, அசையாமல் இருக்கும் கட்டைவிரலில் பொத்தான் போய் மோதுகிறது. பொறுமையிழந்தவர் மேஜையில் விரல்களைத் தடதடவென்று ஓடவிடுவாரே, அதே அசைவு. சிலர் விரல் வழுக்காமல் ஓட ஒரு கையுறை மாட்டிக்கொள்கிறார்கள். மூன்று, நான்கு விரல் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதால் எந்த விரலும் வெறித்தனமாக நடுங்க வேண்டாம். மொத்த வேகம் விநாடிக்கு 20 வரை போகிறது.

இதில் நடுங்கும் கட்டைவிரல் தேவையில்லை. எந்த உடல் வரம் இல்லாததால் பலர் வாசலிலேயே நின்றார்களோ, அந்த வரத்தை ஒரு புதிய பிடி தேவையில்லாததாக்கிவிட்டது. கற்கத் தொடங்கும்போது மகா குழப்பமாக இருக்கும். இரண்டு கட்டம் போக வேண்டியது மூன்று போகும், விரல்கள் வரிசை தவறும். ஆனால் அந்தக் குழப்பம் பயிற்சியால் தீர்கிற குழப்பம். அக்கா மகன் முதல் நாள் ரோலிங் முயன்றபோது பத்து விநாடியில் 40 தாண்டவில்லை, கேம்பேட் இரண்டு முறை கீழே விழுந்தது. மூன்றாவது வாரம் போனில் 108 என்று சொன்னான். அழுத்திப் பிடிக்கும் வேகத்தை அவன் விரல் தாண்டிவிட்டது.

ரோலிங் வந்த சில ஆண்டுகளில் 29ஆம் லெவல் என்பது வழியில் கடக்கும் ஒரு மைல்கல் ஆனது. நல்ல ஆட்டக்காரர்கள் நூறாவது லெவலைத் தாண்டினார்கள். 29க்குப் பிறகு வேகம் கூடுவதே இல்லை என்பதால், விரல் ஈடுகொடுத்தால் போதும், ஆட்டம் போய்க்கொண்டே இருக்கும். 138இலிருந்து புதுத் தொல்லை. நிறங்களைத் தேடி நிரல் தவறான இடத்தில் படிக்கத் தொடங்குகிறது, திரையில் விசித்திர வண்ணங்கள் வருகின்றன. 146ஆம் லெவலையும் 148ஆம் லெவலையும் ஆட்டக்காரர்கள் அந்தி என்றும் கரி என்றும் பொருள்படும் பெயர்களால் அழைக்கிறார்கள். 148இல் கறுப்புப் பின்னணியில் கட்டைகள் கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது. வில்லிஸ் இவை அனைத்தையும் கடந்துதான் 157க்கு வந்தான்.

வில்லிஸ் எதைக் கொண்டுவந்தான்

அவன் ஆடத் தொடங்கியது 2021இல், 11 வயதில். வாரத்துக்கு 20 மணி நேரம் போல ஆடியதாகச் சொல்லியிருக்கிறான். இரண்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டாயிரம் மணி நேரத்தை ஒட்டி வரும். ஜோனஸின் ஆயுட்கால மணிகளோடு ஒப்பிட்டால் சிறு பகுதிதான்.

அவன் தொடங்கிய நாளிலேயே ரோலிங் இருந்தது, அதை விளக்கும் வீடியோக்கள் இருந்தன. 29 ஒரு முடிவு என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஸ்டாக்ராபிட் என்ற கணினி நிரலை ஆடவிட்டு 237ஆம் லெவல் வரை என்ன நடக்கிறது என்று 2021இலேயே பார்த்துவிட்டார்கள். 155ஆம் லெவலிலிருந்து மதிப்பெண் கணக்கை முடிக்க நிரலுக்கு நேரம் போதாமல் போகலாம், அப்போது ஆட்டம் உறையும் என்பதைக் கண்டுபிடித்து, எந்த லெவலில் எத்தனை வரியை எப்போது அழித்தால் உறையும் என்று பட்டியலே போட்டிருந்தார்கள். 155இல் கிடைத்த முதல் வாய்ப்பை வில்லிஸ் தவறவிட்டான். 157இல் ஒற்றை வரி அழித்தபோது அகப்பட்டது. அந்த மாதம் இறந்துபோன தன் தந்தைக்கு அந்த ஆட்டத்தைக் காணிக்கையாக்கினான்.

இதனால் அவன் சாதனை குறைகிறதா? எனக்குத் துளியும் அப்படித் தோன்றவில்லை. அதே வீடியோக்களை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பார்த்தார்கள், முதலில் போய்ச் சேர்ந்தது அவன். 38 நிமிடம், அதில் பெரும்பகுதி கட்டை மூன்றில் ஒரு விநாடியில் தரையைத் தொடும் வேகத்தில், சில லெவல்களில் கண்ணுக்குத் தெரியாத வண்ணங்களில், பதறாமல் ஆடுவது எல்லோருக்கும் கூடிவராது.

ஆய்வாளர்கள் சொல்வது

மக்னமாரா, ஹாம்ப்ரிக், ஆஸ்வால்ட் மூவரும் 2014இல் 88 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். செஸ், ஸ்கிராபிள் போன்ற ஆட்டங்களில், ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள திறன் வேறுபாட்டில் 26 சதவீதத்தைத்தான் திட்டமிட்ட பயிற்சியின் அளவால் விளக்க முடிந்தது. பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எதுவும் கைகூடும் என்று நம்பியவர்களுக்கு அது பேரிடி. பலர் மீதி 74 சதவீதத்தைத் தூக்கிப் பிறவித் திறமையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அது தவறு. எந்த வயதில் தொடங்கினார், யாரிடம் கற்றார், எந்த முறையைக் கற்றார் என்பதெல்லாமும் அந்த மீதிக்குள்தான் இருக்கின்றன. டெட்ரிஸ் கதையில் அந்த மீதிக்குள் என்ன இருக்கும் என்பதைக் கண்ணாலேயே பார்க்கிறோம்.

வயது பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற கணினிப் போர் ஆட்டத்தை ஆடும் 3,305 பேரின் ஆட்டப் பதிவுகளைக் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகத்தில் அலசினார்கள். கண்டதற்குக் கை எதிர்வினை காட்டும் வேகம் 24 வயதிலிருந்தே குறையத் தொடங்குகிறது. மூத்தவர்கள் எளிய உத்திகளால் அதை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். டெட்ரிஸில் 13, 16 வயதுப் பிள்ளைகள் வெல்வதற்கு இதிலும் ஒரு காரணம் இருக்கலாம். உடலுக்கு அதன் பங்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

பயிற்சி உள்ளே என்ன செய்கிறது என்பதற்கு டெட்ரிஸை வைத்தே நடந்த ஆய்வு ஒன்று. ரிச்சர்ட் ஹையரும் குழுவினரும் 1992இல் வெளியிட்டது. புதிதாக ஆடத் தொடங்கியவர்களின் மூளையைப் படம் பிடித்து, நான்கிலிருந்து எட்டு வாரம் தினமும் ஆடவிட்டு மறுபடி படம் பிடித்தார்கள். ஆட்டம் பல மடங்கு தேறியிருந்தது, மூளை செலவழித்த சர்க்கரை குறைந்திருந்தது. தேறியவனின் மூளை அதிகம் உழைக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. ஒரு தேர்ந்த ஆட்டக்காரரைப் பார்த்து, அலட்டிக்கொள்ளாமல் ஆடுகிறான், இவனுக்குப் பிறவியிலேயே வந்தது என்கிறோமே, அந்த அலட்டலின்மையே பல வாரப் பழக்கத்தில் வந்ததாக இருக்கலாம்.

சுவரை மறுபடி கட்டியவர்கள்

ரோலிங்கால் ஒரு நடைமுறைச் சிக்கலும் வந்தது. இருவர் மோதும் போட்டியில் யாருமே தோற்காமல் ஆட்டம் நீண்டுகொண்டே போனது. அதனால் 2023 உலகப் போட்டியில் ஆட்டத்தையே திருத்தினார்கள். 39ஆம் லெவலில் வேகம் மறுபடி இரட்டிப்பாகும்படி செய்தார்கள். ஒரு காலத்தில் 29இல் ஆட்டம் தானாகச் செய்த வேலையை இப்போது மனிதர்கள் கையால் செய்ய வேண்டியிருக்கிறது. கஷ்டமான ஆட்டம், சுலபமான ஆட்டம் என்று நாம் பேசும்போது, யாருக்கு, எந்த ஆண்டில், எந்தப் பிடியில் என்று சேர்த்துக் கேட்பதுதான் நியாயம் என்று இதைப் படித்தபோது தோன்றியது.

இன்னொரு செய்தி 2024 அக்டோபரில் வந்தது. 2020இல் 13 வயதில் பட்டம் வென்ற அதே மைக்கேல் ஆர்ட்டியாகா, உறைந்துபோகும் கோளாறை நீக்கிய ஒரு பிரதியில் ஆடி 255ஆம் லெவலைக் கடந்தார். ஏறத்தாழ 80 நிமிடம். வழியில் 235ஆம் லெவலில் நிரலின் பிழையால் 10 வரிக்குப் பதில் 810 வரி அழிக்க வேண்டும், அதையும் அழித்தார். 255க்கு மேல் எண்ண நிரலில் இடமில்லை. எண் பூஜ்யத்துக்குத் திரும்பியது.

அக்கா மகனும் நானும் அந்த வீடியோவைச் சேர்ந்து பார்த்தோம். பூஜ்யம் லெவலில் ஒரு கட்டம் இறங்க 48 ஃபிரேம். முதல் கட்டை மேலே தோன்றி, அசைகிறதா இல்லையா என்று தெரியாமல், ஒவ்வொரு கட்டமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் மடியில் கேம்பேட் இருந்தது, விரல்கள் அதன் முதுகில் ஓடிக்கொண்டிருந்தன.